ராத்திரி ஸ்கிரிப்ட்களும் திணறும் டேட்டாபேஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபென் சைபர் சிட்டியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, பிறருடைய டேட்டாபேஸ்களைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. சொந்த ஊர் மதுரைப் பக்கம். மொரீஷியஸுக்கு வந்து பல வருடமாயிற்று. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பிரான்ஸில், மீதிப் பேர் இங்கேயும் பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளும், இங்கேயே பிறந்து தமிழ் படித்த பிள்ளைகளும் முதல் மூன்று மாதத்தில் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எல்லாம் கிரானில் (லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும் நிரல்) நேரம் குறித்து ஓடவிடும் ஸ்கிரிப்ட்களை, அதாவது சின்ன நிரல்களைப் பற்றியவை: பழைய ரெக்கார்டுகளை அழிப்பது, ரிப்போர்ட் எடுப்பது, விலைப்பட்டியலை இறக்குவது, பேக்கப் எடுப்பது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களையும் மனதில் வைத்து எழுதியது.

ராத்திரி 12 மணிக்கு ஓடுகிற ஸ்கிரிப்ட்தானே, அதனால் யாருக்கு என்ன தொந்தரவு?

யாருடைய ராத்திரி என்று கேளுங்கள். மொரீஷியஸ் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு 12 என்றால் பாரிஸில் குளிர்காலத்தில் இரவு 9, கோடையில் இரவு 10. சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு விடுமுறைக்கு ஓட்டல் தேடுகிற நேரம் அது. நம் ஓட்டல் புக்கிங் சர்வருக்கு நாளிலேயே பரபரப்பான மணி நேரம். அதே நிமிடத்தில்தான் "ஆளில்லாத நேரம்" என்று நாம் பத்து ஸ்கிரிப்டைக் கட்டவிழ்த்துவிடுகிறோம்.

அப்படியானால் எந்த நேரத்தில் வைப்பது?

ஊகிக்க வேண்டாம். ஒரு வாரத்து கிராஃபைத் திறந்து, நொடிக்கு எத்தனை குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி அல்லது இடும் கட்டளை) வருகிறது என்பது எங்கே பள்ளத்தில் விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது இங்கத்திய நேரப்படி காலை 5 முதல் 7 வரை. 6 மணிக்குப் பிரான்ஸில் விடியற்காலை 3 அல்லது 4. இங்கே அலுவலகங்கள் இன்னும் திறக்கவில்லை. ரீயூனியனுக்கும் நமக்கும் ஒரே கடிகாரம்.

பிரான்ஸ் நேரத்தில் அமைத்த சர்வர் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே 2 மணி நேரே 3 ஆகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு 3 மணி திரும்பவும் 2 ஆகும். அந்த 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்த வேலை சில கிரான் வகைகளில் ஒரு தடவை ஓடாமலே போகும், இன்னொரு தடவை இரண்டு முறை ஓடும். சர்வரை யூடிசியில், அதாவது கோடை நேரம் இல்லாத உலகப் பொது நேரத்தில் வையுங்கள், தலைவலி விட்டது. மொரீஷியஸும் இந்தக் கோடை நேர விளையாட்டை 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஆடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. பழைய டேட்டாவை வைத்து மணிவாரி ரிப்போர்ட் எடுக்கிறவர்களுக்கு அந்த ஐந்து மாதம் இன்னும் தொல்லை.

ஆனால் ஒன்று. நேரத்தை மாற்றுவது தலைவலிக்கு மாத்திரை போடுவது போலத்தான். வாடிக்கையாளர் நாளைக்குக் கனடாவின் மொன்றியாலில் ஒரு கிளை திறந்தால் அந்தப் பள்ளமும் நிரம்பிவிடும். எந்த நேரத்தில் ஓடினாலும் யாருக்கும் தெரியாதபடி, எந்த நொடியிலும் நிறுத்தி மறுபடி தொடரக்கூடியபடி ஸ்கிரிப்டை எழுதுவதுதான் வைத்தியம். கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வரும்.

ஏன் எல்லா ஸ்கிரிப்டும் சரியாக 12 மணிக்கே இருக்கிறது?

ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியதால். போன வருடம் ஒரு கிரான் கோப்பைத் திறந்து பார்த்தேன்: 23 வரி. அதில் 14 வரி `0 0 * * *` (முதலில் நிமிடம், அடுத்து மணி; அதாவது தினமும் நள்ளிரவு 12) என்று ஆரம்பித்தது. அந்தப் பதினான்கில் எதற்கும் 12 மணிதான் வேண்டும் என்கிற அவசியம் கிடையாது. "தினமும் ஒரு தடவை" என்பதுதான் தேவை. `17 1 * * *`, `43 2 * * *` என்று கண்டபடி நிமிடங்களைப் போட்டுச் சிதறடித்தேன். வேறு ஒன்றுமே செய்யவில்லை, கிராஃபில் நள்ளிரவுச் சுமையின் ஊசிமுனை பாதியாகக் குறைந்தது.

கிரானுக்குப் பதில் லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் பயன்படுத்துகிறவர்களுக்கு ரேண்டமைஸ்டு-டிலே-செக் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 30 நிமிடம் என்று கொடுத்தால் அதற்குள் ஏதோ ஒரு கணத்தில் ஓடும். ஜென்கின்ஸ் என்ற வேலை ஓட்டும் மென்பொருளில் நிமிடத்தின் இடத்தில் எச் என்ற எழுத்தைப் போட்டால், வேலையின் பெயரை வைத்து அதுவே ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பல சர்வர்களில் ஒரே ஸ்கிரிப்ட் ஓடி ஒரே டேட்டாபேஸை இடிக்கிற இடத்தில் இந்த வசதிகள் இல்லாமல் முடியாது.

சுமை ஏற்றுகிற ஸ்கிரிப்ட் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா ஸ்கிரிப்டும் ஒரே டேட்டாபேஸ் பயனர் பெயரில் உள்ளே வந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். முடியாவிட்டால் போஸ்ட்கிரெஸில் அப்ளிகேஷன்-நேம் என்பதில் வேலையின் பெயரை வையுங்கள்; மைஎஸ்க்யூஎல்லில் குவெரியின் உள்ளேயே ஒரு கமெண்ட்டாக எழுதிவிடுங்கள். இப்போது ஓடுபவற்றைக் காட்டும் பிராசஸ் லிஸ்ட்டைப் பார்த்ததும் முகம் தெரியும்.

அப்புறம் ஸ்லோ குவெரி லாக், அதாவது குறித்த அளவைவிட மெதுவான குவெரிகளை எழுதிவைக்கும் பதிவு. மைஎஸ்க்யூஎல்லில் இயல்பான அளவு 10 விநாடி. அதை அப்படியே விட்டால் உருப்படியாக எதுவும் சிக்காது. ஒரு நாளைக்கு 0.2 விநாடி என்று வைத்துவிட்டு, பெர்கோனா டூல்கிட் என்ற கருவித் தொகுப்பில் இருக்கும், அந்த லாக்கைத் தொகுத்துக் காட்டும் குவெரி டைஜஸ்ட் கருவியை ஓட்டுங்கள். தனித்தனி நேரத்தைப் பார்க்காமல் மொத்த நேரத்தைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை 8 விநாடி எடுத்த குவெரியைவிட, 3 மில்லிசெகண்டில் முடிந்து ஒரு லட்சம் தடவை வந்த குவெரிதான் பல இடங்களில் வில்லன். அவன் 0.2-க்குக்கூடச் சிக்கமாட்டான், ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அளவை 0 ஆக்கிப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு, குவெரி வாரியாக மொத்த நேரத்தைக் கணக்கு வைக்கும் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்.

நைஸ் போட்டு ஓட்டினால் போதாதா?

போதாது. நைஸ், அயோநைஸ் என்ற லினக்ஸ் கட்டளைகள் ஸ்கிரிப்ட்டின் முன்னுரிமையைத்தான் குறைக்கும். குவெரியை ஓட்டுவது டேட்டாபேஸ் சர்வர். அதற்கு உங்கள் நைஸ் தெரியாது. பணிவான குரலில் நூறு இட்லி ஆர்டர் செய்தாலும் அடுப்படிக்கு நூறு இட்லிதான்.

பழைய ரெக்கார்டுகளை அழிக்க ஒரே ஒரு டெலீட் போதுமே, அதில் என்ன தப்பு?

இதற்கு ஒரு ராத்திரியைச் சொல்லியாக வேண்டும். ரோஸ் ஹில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். 12 மணி 7 நிமிடத்துக்கு போன். புக்கிங் தளத்தில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பார்த்தால், நாங்களே எழுதிய ஒரு சுத்தப்படுத்தும் ஸ்கிரிப்ட். செஷன் டேபிளில் (தளத்துக்குள் நுழைந்தவர்களின் பதிவு) 30 நாளுக்கு முந்தையதை எல்லாம் அழி என்று ஒரே வரி. அது பல மாதமாக ஏதோ பிழையில் ஓடாமல் இருந்து, யாரோ அன்றைக்குத்தான் "சரிசெய்து" விட்டார்கள். முன்பெல்லாம் நாளுக்குச் சில ஆயிரம் ரெக்கார்டை அழித்த வரி, அன்றைக்கு ஒரு கோடியே 20 லட்சத்தின்மேல் கை வைத்தது. தேதிக்கு இண்டெக்ஸும் (ரெக்கார்டை உடனே தேடியெடுக்க உதவும் அட்டவணை) கிடையாது.

மைஎஸ்க்யூஎல்லின் உள்ளே டேபிள்களைக் கையாளும் இன்னோடிபி என்ன செய்கிறது தெரியுமா? இண்டெக்ஸ் இல்லாவிட்டால் அது கடந்துபோகிற ஒவ்வொரு ரெக்கார்டையும், இயல்பான ஐசொலேஷன் நிலையில் (ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவருக்கு எவ்வளவு தெரியலாம் என்ற அமைப்பு) அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டே போகும். டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே கூடாது என்ற வேலைத்தொகுதி) முடிகிறவரை எதையும் விடாது. புதிதாக உள்ளே வருகிற பயனருக்கு ஒரு செஷன் எழுத வேண்டும், இடம் பூட்டியிருக்கிறது, இயல்பு அளவான 50 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை. அதற்குள் கனெக்ஷன்கள் குவிந்து, இயல்பு எண்ணிக்கையான 151-ஐத் தொட்டு, செஷன் தேவைப்படாத பக்கங்களும் விழுந்துவிட்டன.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். 12:20-க்கு அந்தக் குவெரியைக் கொன்றேன். கொன்றதும் நின்றுவிடும் என்று நினைப்பு. அதுவரை அழித்ததை எல்லாம் அது ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க ஆரம்பித்தது. ரோல்பேக் என்பது பல சமயம் அழித்ததைவிட மெதுவான வேலை. சர்வரை அணைத்து ஏற்றினாலும் தப்பிக்க முடியாது. எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ரோல்பேக்கைத் தொடரும். 1:10 வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள், அது ஒன்றுதான் அன்றைக்கு நல்லபடியாக நடந்தது.

இப்போது பந்தி பந்தியாகத்தான் அழிக்கிறோம். காவடித் திருவிழாவன்று கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வந்த கூட்டத்தை ஒரே நேரத்தில் உட்காரவைக்க யாரும் நினைப்பதில்லை. ஒரு பந்தி சாப்பிட்டு எழும், இலை எடுப்பார்கள், கொஞ்சம் மூச்சு விடுவார்கள், அடுத்த பந்தி. ஸ்கிரிப்டும் அப்படியே: 1,000 ரெக்கார்டை அழி, கமிட் செய் (அழித்ததை உறுதிப்படுத்து), கால் விநாடி தூங்கு, மறுபடி. பூட்டுகள் ஒவ்வொரு கமிட்டிலும் அவிழ்ந்துவிடும். நடுவில் கொன்றாலும் திரும்ப வைக்க வேண்டியது அதிகபட்சம் ஆயிரம்தான்.

ஒரு பந்திக்கு எத்தனை ரெக்கார்டு?

எண்ணிக்கையைவிட நேரத்தைக் குறியாக வையுங்கள். ஒரு பந்தி அரை விநாடிக்குள் முடிய வேண்டும். 500-இல் ஆரம்பியுங்கள், அரை விநாடிக்கு வெகுமுன்பே முடிந்தால் கூட்டுங்கள், தாண்டினால் குறையுங்கள். ஸ்கிரிப்டே இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்படி எழுதுவது பத்து வரி வேலை.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று: அடுத்த பந்திக்கு ஆஃப்செட் வைத்து, அதாவது "முதல் இத்தனையை விட்டுவிட்டுக் கொடு" என்று தாண்டுவது. ஆஃப்செட் 9 லட்சம் என்றால் டேட்டாபேஸ் 9 லட்சம் ரெக்கார்டை வாசித்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த ஆயிரத்தைத் தரும். ஒவ்வொரு பந்தியும் முந்தையதைவிட மெதுவாகிக்கொண்டே போகும். கடைசியாகத் தொட்ட பிரைமரி கீ எண்ணை (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உள்ள தனி அடையாளம்) நினைவில் வைத்துக்கொண்டு "இதைவிடப் பெரியதில் முதல் 1,000" என்று கேளுங்கள். அந்த எண்ணை ஒரு சின்ன டேபிளில் எழுதியும் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடம் தெரியும்.

போஸ்ட்கிரெஸில் டெலீட்டோடு லிமிட் (இத்தனை ரெக்கார்டு மட்டும் என்ற வரம்பு) போட முடியாதே?

உண்மைதான். உள்ளே ஒரு செலக்ட்டில் லிமிட் வைத்து, அதில் வருகிற ஐடிகளை மட்டும் வெளியே டெலீட் செய்யுங்கள். ஆனால் போஸ்ட்கிரெஸில் அழித்தது உடனே போய்விடாது. செத்த ரெக்கார்டாக அங்கேயே கிடக்கும், வேக்கியூம் வந்துதான் கூட்டிப் பெருக்கும். ஆட்டோவேக்கியூம் இயல்பாக டேபிளில் 20 சதவீதம் அளவுக்கு மாறிய பிறகுதான் எழுந்திருக்கும். 5 கோடி ரெக்கார்டு டேபிளில் 20 சதவீதம் என்றால் ஒரு கோடி குப்பை. அந்த டேபிளுக்கு மட்டும் 1 அல்லது 2 சதவீதம் என்று மாற்றுங்கள்.

இன்னொன்று: எங்கோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எக்செல் தயாரித்துக்கொண்டிருந்தால், அது திறந்த பிறகு செத்த எதையும் வேக்கியூமால் எடுக்க முடியாது, அந்த ரிப்போர்ட்டுக்கும் இந்த டேபிளுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் கூட.

தேதியை வைத்தே அழிக்கிற டேபிள் என்றால் மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் தனித் துண்டு) போட்டுவிடுங்கள். பழைய மாதத்தை அப்படியே டிராப் செய்தால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. மைஎஸ்க்யூஎல்லிலும் இது உண்டு. ஆரம்பத்திலேயே யோசித்திருந்தால் அந்த 12:07 போனே வந்திருக்காது.

முந்தைய ஓட்டம் முடிவதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடுகிறது. என்ன செய்ய?

5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிற வேலை, ஒரு நாள் 6 நிமிடம் எடுக்கும். இரண்டாவது வந்து சேரும், இரண்டும் சேர்ந்து 9 நிமிடம் எடுக்கும், அதற்குள் மூன்றாவது. காலையில் வந்து பார்த்தால் ஒரே ஸ்கிரிப்ட் 40 பிரதி ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் ஃப்ளாக் என்ற பூட்டுக் கட்டளையைக் காத்திருக்காத வகையில் முன்னால் போட்டால், முதல் ஆள் உள்ளே இருக்கும்வரை இரண்டாம் ஆள் சத்தமில்லாமல் திரும்பிப்போவார்.

பல சர்வரில் ஓடுகிறதென்றால் பூட்டை டேட்டாபேஸிலேயே வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் கெட்-லாக், போஸ்ட்கிரெஸில் அட்வைசரி லாக். கனெக்ஷன் அறுந்தால் தானாகவே விடுபடும். நடுவில் பிஜிபவுன்சரை (சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் நிரல்) டிரான்சாக்ஷன் முறையில் வைத்திருந்தால் செஷன் அளவிலான அட்வைசரி லாக்கை நம்பாதீர்கள். பூட்டியது ஒரு கனெக்ஷன், அவிழ்க்கப் போவது இன்னொன்று என்று ஆகிவிடும். குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) கிரான்ஜாப் என்றால், ஒன்றின்மேல் ஒன்று ஓட அனுமதிப்பதுதான் அங்கே இயல்பு. ஃபர்பிட் என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

கூட்டம் வந்தால் ஸ்கிரிப்டே ஒதுங்கி நிற்கும்படி செய்யலாமா?

செய்யலாம், எனக்கு மிகப் பிடித்த வேலை அதுதான். ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் ஸ்கிரிப்ட் இரண்டு விஷயம் பார்க்கட்டும்: இந்த நொடி எத்தனை த்ரெட் (டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் செய்யும் வேலை இழை) ஓடிக்கொண்டிருக்கிறது, ரெப்ளிக்கா (மூலச் சர்வரைப் பின்தொடர்ந்து பிரதி எடுக்கும் சர்வர்) எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது. வரம்பைத் தாண்டினால் சில விநாடி தூங்கிவிட்டு மறுபடி பார்க்கட்டும். பெர்கோனா டூல்கிட்டில் டேபிளின் அமைப்பை ஆன்லைனில் மாற்றும் கருவி இதையேதான் செய்கிறது. ஓடும் த்ரெட் 25-ஐத் தாண்டினால் இயல்பாகவே நின்றுவிடும், ரெப்ளிக்கா ஒரு விநாடிக்குமேல் பின்தங்கினாலும் காத்திருக்கும். உங்கள் சர்வருக்கு 25 சரியா 12 சரியா என்பதை உங்கள் கிராஃப்தான் சொல்லும்.

இப்படி எழுதிய எங்கள் சுத்தப்படுத்தும் ஸ்கிரிப்ட் இப்போது பட்டப்பகலில் ஓடுகிறது. சில நாள் 20 நிமிடத்தில் முடியும், சில நாள் மூன்று மணி நேரம் இழுக்கும். யாரும் போன் செய்வதில்லை.

குவெரி சின்னதுதான், ஆனால் ஸ்கிரிப்ட் முடியவே மாட்டேன் என்கிறது?

லூப்புக்குள் குவெரி இருக்கிறதா என்று பாருங்கள். 40,000 புக்கிங்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓட்டல் பெயர் கேட்டு ஒரு குவெரி. ஒரே கணினியில் ஒரு மில்லிசெகண்டு என்றால் 40 விநாடி, கண்ணில் படாது. டேட்டாபேஸ் பிரான்ஸில், ஸ்கிரிப்ட் எபெனில் என்று ஆனால்? கடலடிக் கேபிளில் போய்வர ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெகண்டு என்று வையுங்கள்: 8,000 விநாடி, அதாவது இரண்டே கால் மணி நேரத்தைத் தொடும். அவ்வளவு நேரமும் ஒரு கனெக்ஷன் பிடிபட்டிருக்கும். ஜாயின் போட்டு (இரண்டு டேபிளை இணைத்து) ஒரே குவெரியாக்குங்கள், அல்லது ஐடிகளை ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்துக் கேளுங்கள். ஸ்கிரிப்டை டேட்டாபேஸ் இருக்கிற ஊருக்கே குடிமாற்றுவதும் நல்ல யோசனைதான்.

உள்ளே எழுதும்போதும் இதே கதை. ஒரு விலைக்கு ஒரு கமிட் என்று 10,000 விலையை இறக்கினால், 10,000 தடவை டிஸ்க்கில் எழுதி உறுதிசெய்யச் சொல்கிறீர்கள். 500 அல்லது 1,000 ரெக்கார்டை ஒரே இன்சர்ட்டில் கட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் மொத்தமாக இறக்கக் காப்பி கட்டளை இருக்கிறது.

இண்டெக்ஸ் இருக்கிறது. ஆனாலும் டேபிள் முழுக்க வாசிக்கிறதே?

தேதி நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு "நேற்றுக்குச் சமமா" என்று கேட்டிருப்பீர்கள். ஃபங்ஷனுக்குள் போனதும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. "நேற்று 00:00 முதல், இன்று 00:00-க்கு முன்" என்று வரம்பாகக் கேளுங்கள். குவெரியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டு முன்னும் பின்னும் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

ரிப்போர்ட்டுகளை எல்லாம் ரெப்ளிக்காவுக்குத் தள்ளிவிட்டால்?

நல்லது, தள்ளுங்கள். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு தள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் ரெப்ளிக்காவில் நீண்ட குவெரி ஓடும்போது, மூலச் சர்வரில் வேக்கியூம் பெருக்கிய குப்பை அந்தக் குவெரிக்குத் தேவைப்பட்டால், இயல்பாக 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் குவெரியை வெட்டிவிடும். "ராத்திரி ரிப்போர்ட் சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை" என்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். ரிப்போர்ட்டுக்கென்றே ஒரு தனி ரெப்ளிக்கா வைத்து அதில் அந்த அளவைக் கூட்டுவது வழி.

இரண்டாவது, ரெப்ளிக்கா பின்தங்கியிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டில் கடைசி சில நிமிடம் இருக்காது. கணக்குப் பிரிவுக்காரர்கள் இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்கும் கூப்பிடுவார்கள். எதுவரையான டேட்டா என்று ரிப்போர்ட்டின் தலையிலேயே நேரம் அச்சிடுங்கள்.

பேக்கப் நேரத்தில் தளம் மந்தமாகிறது.

மைஎஸ்க்யூஎல் டம்ப் (பேக்கப் எடுக்கும் கருவி) என்றால் சிங்கிள்-டிரான்சாக்ஷன் விருப்பம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டால் இன்னோடிபி டேபிள்களைப் பூட்டாமல் எடுக்கும். எங்கேயோ மைஐசாம் என்ற பழைய வகை டேபிள் ஒளிந்திருந்தால் அதற்கு இது உதவாது. பேக்கப் எல்லா டேபிளையும் வாசித்து நினைவகத்தை நிரப்பிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இன்னோடிபி புதிதாக வந்த டேட்டா பக்கங்களை நினைவகப் பட்டியலின் பின்பகுதியில்தான் உட்காரவைக்கும், ஒரு விநாடி கழித்தும் யாராவது தேடினால்தான் முன்னுக்கு விடும். எனவே அந்தப் பயம் பாதிதான் நியாயம். டிஸ்க் இழுப்புதான் மீதி. பேக்கப்பை ரெப்ளிக்காவிலிருந்து எடுங்கள்.

கிளவுடில் முதல் அரை மணி நேரம் ஸ்கிரிப்ட் பறக்கிறது, அப்புறம் ஊர்கிறது. ஏன்?

கிரெடிட் தீர்ந்துவிட்டது. அமேசானின் ஜிபி2 (gp2) வகை டிஸ்க், ஒரு ஜிகாபைட்டுக்கு நொடிக்கு 3 ஐஓ (ஒரு வாசிப்பு அல்லது எழுத்து) என்ற அடிப்படை வேகம் கொண்டது. 100 ஜிபி டிஸ்க்குக்கு நொடிக்கு 300. சேமித்து வைத்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை பாயும். நிறைந்த கிரெடிட் ஏறக்குறைய 30 நிமிடம் தாங்கும். உங்கள் ஸ்கிரிப்ட் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டுப் போனால், பின்னால் வருகிற பயனர்களுக்கு 300தான் மிச்சம். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் தளம் மெதுவாகவே இருக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் கிரெடிட் கிராஃபைப் பாருங்கள்.

ஒரு குவெரி மாட்டிக்கொண்டு காலைவரை ஓடாமல் தடுக்க?

போஸ்ட்கிரெஸில் ஸ்கிரிப்டின் பயனருக்கு மட்டும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் அதிகபட்ச ஓட்ட நேர அமைப்பு செலக்ட்டுக்கு மட்டும்தான் செல்லும், டெலீட்டைத் தொடாது. இரண்டிலும் அந்தப் பயனருக்கு இத்தனை கனெக்ஷன்தான் என்று வரம்பு போடலாம். நான் 3 வைப்பேன்.

புயலுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரேயடியாக ஓடத் தொடங்கிவிடுகிறதே?

2024 ஜனவரி 15, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த நாள். எங்கள் அலுவலகச் சர்வர்கள் சில அணைந்துவிட்டன. திரும்ப ஏற்றியதும் டேட்டாபேஸ் மூச்சுத் திணறியது. காரணம், எங்கள் டைமர்களில் பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பு போட்டிருந்தோம்: தவறவிட்ட வேலையை, எழுந்ததும் ஓட்டு. எல்லா வேலையும் தவறியிருந்தது, எல்லாம் ஒரே நிமிடத்தில் எழுந்தது.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அந்த அமைப்பைப் போடுகிறோம்: ஒரு நாள் தவறினால் நஷ்டமா? செஷன் சுத்தம் செய்வது நாளைக்கு நடந்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஓட்டல்களுக்கு அனுப்பும் வருகைப் பட்டியல் தவறவே கூடாது. அப்படிப்பட்டவை எங்களிடம் மூன்றுதான் தேறின. அவற்றுக்கும் எழுந்தபின் ஓட ஆளுக்கு ஒரு தாமதம் வைத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்திருக்கும்போது, போய் சர்வரைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய சர்வர் வாங்கிவிட்டால் இதெல்லாம் தேவையா?

வாங்கலாம். இண்டெக்ஸ் இல்லாத அந்த ஒரு வரி டெலீட், பெரிய சர்வரிலும் அதே பூட்டைத்தான் போடும்.

ஒரு ஸ்கிரிப்டை நிறுத்தியே விடலாமா?

இதை யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். தினமும் 40 நிமிடம் டேட்டாபேஸைக் கடைந்து ஒரு விற்பனை ரிப்போர்ட்டைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. அதை வேகப்படுத்தத்தான் உட்கார்ந்தேன். அரை நாள் போனபிறகு, யாருக்குப் போகிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு முகவரி. அந்த ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். அஞ்சல் திரும்பி வந்துகொண்டே இருந்திருக்கிறது, ஸ்கிரிப்டின் வெளியீட்டை எல்லாம் குப்பைக்குத் திருப்பிவிட்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. கிரான் வரியின் முன்னால், அது ஓடாதபடி ஒரு கமெண்ட் குறி போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நாலாவது மாதம் வரியையே எடுத்துவிட்டேன்.